ரங்கூன் ஸ்டேஷன் முனையமா?

போன மாதம் ஒரு கோயில் விழா அழைப்பிதழ் வந்தது. கூடும் இடம் 'ரங்கூன் மத்திய ரயில் முனையம் அருகில்' என்று போட்டிருந்தது. இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட எங்கள் ஆயா, "அது எங்கப்பா இருக்கு?" என்றார். சின்ன வயதிலிருந்து அவர் ரயில் ஏறி இறங்குகிற இடம் அது. 'முனையம்' என்ற இதே சொல்லை இந்த வருஷம் நாலைந்து இடத்தில் பார்த்துவிட்டேன்.

முனை என்றால் நுனி, கடைசி. குமரிமுனைக்கு அப்பால் தரை இல்லை. அந்த முனையோடு 'அம்' சேர்த்து, 'டெர்மினல்' என்பதற்கு ஈடாக முனையம் என்று ஆக்கினார்கள். லத்தீனில் 'டெர்மினஸ்' என்றால் எல்லை. ஆக, நல்ல சொல்தான். ஒட்டிய இடம்தான் தப்பு.

சென்னை சென்ட்ரலில் தண்டவாளம் முட்டி நின்றுவிடும். வந்த ரயில் வந்த வழியே திரும்ப வேண்டும். அது முனையம். ரங்கூனில் அப்படியா? மேற்கே லன்மடோ ஸ்டேஷன், கிழக்கே பசுண்டாங் ஸ்டேஷன். ஒரு பக்கம் நுழைந்த ரயில் மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கலாம். ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலைப் பாருங்கள். இன்செயின், மிங்கலாடோன் என்று சுமார் 46 கிலோமீட்டர் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வருகிறது. வட்டத்துக்கு ஏது முனை? மொழிபெயர்த்தவர் மனதில் சென்னை சென்ட்ரலை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். ஒருநாள் தண்டவாளத்துக்கு மேலே போகும் பன்சொடான் பாலத்தில் நின்று கீழே பார்த்திருந்தால் இந்தச் சொல் வந்திருக்காது.

சரி, 'மத்திய' மட்டும் பொருந்துமா? ஸ்டேஷன் இருப்பது ஊரின் தென்கோடிப் பக்கம். பன்சொடான் தெருவில் தெற்கே நடந்தால் ஆற்றங்கரையில் டாலா படகுத்துறையே வந்துவிடும். 'சென்ட்ரல்' இங்கே நடுவைச் சொல்லவில்லை, முதன்மையைச் சொல்கிறது. பர்மியர்கள் இதைப் புரிந்துகொண்டு 'பூடாஜீ' என்கிறார்கள். பூடா ஸ்டேஷன், ஜீ பெரியது. நம் பெரியவர்களும் 'பெரிய ஸ்டேஷன்' என்றுதான் சொல்லி வந்தார்கள். பெரிய கோயில், பெரியாஸ்பத்திரி மாதிரி. இரண்டாம் உலகப் போரில் அழிந்து, அடுக்குக் கூரைகளோடு மறுபடி கட்டி 1954-ல் திறந்த கட்டடத்துக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம்! தலைநகரம் நேப்பியிதோவுக்குப் போன பிறகும் அது பெரிய ஸ்டேஷன்தான்.

எழுத்தில் தூய தமிழ் வேண்டுமென்றால் 'பெரிய நிலையம்' போதும். ஸ்டேஷன் என்ற சொல்லின் வேரிலும் 'நில்' என்ற பொருள்தான் இருக்கிறது. தூய தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆயாவின் வாயில் இருக்கும் தமிழைத் தள்ளிவிட்டு அகராதியில் இன்னொன்றைத் தேடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முனையம் என்ற சொல்லை எங்காவது போட்டே ஆகவேண்டும் என்றால், ஊருக்கு வடக்கே அவுங் மிங்கலா பஸ் நிலையம் இருக்கிறது. வெளியூர் பஸ்கள் அங்கே வந்து நின்றுவிடும். அப்புறம் ஊருக்குள் வர வேறு பஸ்தான் பிடிக்க வேண்டும்.