மாங்காய்ப் பாகு கோழியில் எப்போது ஏற வேண்டும்?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி இல்லாமல் இலை போடுவது அரிது. மாங்காய், வெல்லம், உப்பு, மிளகாய், வேப்பம்பூ. வேப்பம்பூவை மட்டும் விட்டுவிட்டு, மாங்காயை மசித்து இன்னும் சுண்டக் காய்ச்சினால் கோழி மேல் பளபளவென்று ஒட்டும் இனிப்பும் புளிப்புமான பூச்சு தயார். ஹோட்டல்களில் ஆரஞ்சு, அன்னாசி என்று எதைத் தடவினாலும் உள்ளே நடக்கும் வேதியியல் ஏறக்குறைய இதுதான்.

மாங்காயில் பெக்டின் என்ற நார்ப்பொருள் நிறைய. பழுக்கப் பழுக்க நொதிகள் அதை உடைத்துவிடும். பழம் குழைவதற்கு அதுவும் ஒரு காரணம். போதுமான சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தால் பெக்டின் இழைகள் வலையாகப் பின்னி நீரைப் பிடித்துக்கொள்ளும். ஜாம் உறைவதும் இப்படித்தான். அதனால் கனிந்த பழத்தைவிடச் செங்காய்தான் இதற்குத் தோது.

வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ் என்ற சர்க்கரை. அதைத் தனியாகக் காய்ச்சினால் ஆறியதும் மணல் மணலாகக் கட்டக்கூடும். மாங்காயின் அமிலமும் சூடும் சேர்ந்து சுக்ரோஸில் ஒரு பகுதியை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்ற எளிய சர்க்கரைகளாகப் பிரித்துவிடுவதால் பாகு வழவழப்பாக நிற்கும். ஜாமூன் பாகில் எலுமிச்சை பிழிவதும் இதற்குத்தான். சர்க்கரை 65 சதவீதத்தை எட்டும்போது பாகு ஏறத்தாழ 104 டிகிரியில் கொதிக்கும். அந்தப் பதம் போதும். இறுகினால் தடவ வராது.

சரி, இதை எப்போது தடவுவது? பலர் மசாலாவோடு சேர்த்து முதலிலேயே ஊறவைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடைக்கறியின் உள்ளே எலும்போரம் 74 டிகிரியாவது ஏறினால்தான் கிருமிகள் சாகும்; அதற்கு நேரம் பிடிக்கும். ஃப்ரக்டோஸோ 110 டிகிரி வாக்கிலேயே கருக ஆரம்பிக்கும். காய்ந்த தோசைக்கல் எளிதாக 180 டிகிரியைத் தாண்டும். ஆக, மேலே கரி, உள்ளே பச்சை. இன்னொன்றும் உண்டு: இறைச்சியின் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் வறுத்த வாசனையும் தரும் மெயிலார்ட் வினையைப் புளிப்பு மந்தப்படுத்தும். அதனால் உப்பு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு மட்டும் தடவி, கறியை முக்கால் பதத்துக்கு மேல் வேகவைத்துச் சிவக்கவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் தீயைக் குறைத்துப் பாகைத் தடவுங்கள். மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. முதல் பூச்சின் நீர் வற்றிய பிறகே அடுத்தது.

கறிக்கடையில் பிராய்லரை உரித்துக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டத்தான் தருவார்கள். அந்த நீர் ஆவியாகி முடியும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, சிவக்காது. பாகும் வழுக்கி ஓடும். துணியால் நன்றாக ஒற்றி எடுத்துவிடுங்கள். மஞ்சள் தடவி வாட்டிய தோலோடு நாட்டுக்கோழி கிடைத்தால் பூச்சு அருமையாகப் பிடிக்கும். ஆனால் சதை கெட்டி. குக்கரில் வேகவைத்துவிட்டு அப்புறம் கல்லுக்கு வரட்டும்.

அடுப்பிலிருந்து இறக்கியதும் மூடி போடாதீர்கள். ஆவி மூடியில் பட்டுச் சொட்டிப் பாகைக் கரைத்துவிடும். ஃப்ரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும் குணமுள்ளது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கக் கடற்காற்றில் சீக்கிரமே பிசுபிசுத்துவிடும் என்பதால், சாதம் வடித்த பிறகு கோழியைக் கல்லில் போடுவது நல்லது.