இன்ஃபார்ம்டு கன்சென்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

“ஆச்சி, இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க.” காரைக்குடியோ தேவகோட்டையோ, ஆபரேஷனுக்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் இந்த வாக்கியம் கட்டாயம் காதில் விழும். நர்ஸ் நீட்டும் அந்தத் தாளுக்கு ஆங்கிலத்தில் இன்ஃபார்ம்டு கன்சென்ட் படிவம் என்று பெயர். அறுவை சிகிச்சைக்கு மட்டும் இல்லை, புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேர்வதற்கும், ஆய்வு மாணவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து சர்க்கரை நோய் பற்றிக் கேள்வி கேட்பதற்கும் இந்தத் தாள்தான் முதலில் வர வேண்டும்.

பொருள் இதுதான். என்ன நோய், என்ன செய்யப்போகிறார்கள், அதில் நன்மை என்ன, ஆபத்து என்ன, வேறு வழி உண்டா, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அவர் அதைக் கேட்டு, புரிந்துகொண்டு, யாருடைய நெருக்குதலும் இல்லாமல் ‘சரி’ என்று சொல்ல வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லவும் இடம் இருந்தால்தான் அந்தச் ‘சரி’க்கு மதிப்பு. கையெழுத்து இவ்வளவும் நடந்ததற்குச் சாட்சி. நடைமுறையில் சாட்சி மட்டும் மிஞ்சி, மற்றதெல்லாம் காணாமல் போய்விடுகிறது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்து, புரோநோட்டில் தேதி, வட்டி, தவணை என்று வரி விடாமல் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள், வயிற்றைக் கிழிப்பதற்கான தாளை மட்டும் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்!

கன்சென்ட் லத்தீன் வேர். ‘சேர்ந்து’ என்ற முன்னொட்டும் ‘உணர்’ என்ற வினையும் கூடியது. நம் பேச்சில் புழங்கும் ‘சம்மதம்’ வடமொழியில் கிட்டத்தட்ட இதே கட்டுமானம்தான்: சம் என்றால் கூட, மதம் என்றால் எண்ணம். ஆக, கன்சென்ட் பழைய சொல். அதன் முன்னால் ‘இன்ஃபார்ம்டு’ வந்து ஒட்டிக்கொண்டது அண்மையில்தான், அதுவும் நீதிமன்றத்தில்.

1957-இல் தீர்ப்பு வந்த வழக்கு அது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மார்ட்டின் சால்கோ என்பவர் காலில் ரத்த ஓட்டம் குறைந்து மருத்துவமனைக்குப் போனவர். முதுகுப் பக்கமாக ஊசி செலுத்தி, பெருந்தமனியில் சாயத்தை ஏற்றிப் படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவருக்கு இரண்டு கால்களும் செயலிழந்துபோயின. இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது என்று முன்னாலேயே யாரும் சொல்லவில்லை என்பதும் அவருடைய வழக்கில் ஒரு புகார். அந்த மேல்முறையீட்டில்தான் ‘இன்ஃபார்ம்டு கன்சென்ட்’ என்ற தொடர் முதன்முதலாக ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் வந்தது. அதற்கு முன்பே, 1914-இல், நியூயார்க் வழக்கு ஒன்றில் நீதிபதி கார்டோசோ, வயது வந்த, தெளிந்த மனமுள்ள ஒவ்வொருவருக்கும் தம் உடலை என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று எழுதிவிட்டார். அது ‘சம்மதம் கேள்’ என்ற நிலை. சால்கோ வழக்கு அதை ‘சொல்லிவிட்டுக் கேள்’ என்று ஆக்கியது.

ஆராய்ச்சியின் கதை வேறு தடத்தில் வந்தது. 1900-இல் கியூபாவில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்த வால்டர் ரீட் குழு, சோதனைக்கு வந்தவர்களிடம் எழுத்து ஒப்பந்தம் போட்டது. நூறு டாலர் தங்கமாகத் தருவதாகவும், காய்ச்சல் வந்தால் இன்னொரு நூறு என்றும் பேச்சு. அப்புறம் நாஜி முகாம்களின் கொடுமை. 1947-இல் நாஜி மருத்துவர்கள் வழக்கின் தீர்ப்போடு வந்த நியூரம்பர்க் விதிகள் பத்து. அதில் முதல் விதியே, சோதனைக்கு உட்படுபவரின் சுய விருப்பமான சம்மதம் கட்டாயம் என்பது.

விதி வந்த பிறகும் அமெரிக்காவிலேயே டஸ்கிகீ ஆய்வு ஓடிக்கொண்டிருந்தது. 1932-இல் தொடங்கியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள், அவர்களில் 399 பேருக்கு மேகநோய் (சிபிலிஸ்). நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘கெட்ட ரத்தம்’ என்று சொல்லிவைத்தார்கள். 1940-களில் பெனிசிலின் கைக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்க்க வேண்டுமாம். 1972-இல் செய்தித்தாளில் வந்த பிறகுதான் நின்றது. அந்த மனிதர்கள் ஆய்வுக்கு மறுப்புச் சொல்லாமல் வந்துகொண்டுதான் இருந்தார்கள். எதற்கு வருகிறோம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

நம் நாட்டுக்கு வருவோம். 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன சமீரா கோலி வழக்கைத் தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. அந்தப் பெண்மணி, வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்த்து நோயைக் கண்டறியும் லேப்பராஸ்கோப்பி பரிசோதனைக்காக மயக்க நிலையில் இருந்தார். உதவி மருத்துவர் வெளியே வந்து, உடன் வந்திருந்த தாயிடம் கேட்டு, அவர் சரி என்றதும், மருத்துவர் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார். உயிருக்கு உடனடி ஆபத்து ஒன்றும் இல்லை. நோயாளி வயது வந்தவர், மயக்கம் தெளிந்ததும் அவரிடமே கேட்டிருக்கலாம், தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம்.

செட்டிநாட்டில் இந்தத் தீர்ப்பு ஜீரணமாகக் கொஞ்சம் நாள் பிடிக்கும். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஆள் நிறைந்த வீடுகளின் ஊர் இது. யாருக்கு என்ன சிகிச்சை என்பதை அப்பச்சியும் பெரியப்பச்சியும் (அப்பாவும் பெரியப்பாவும்) பேசி முடிப்பார்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் சரி என்பார். படுத்திருக்கும் ஆச்சியிடம் கடைசியில் தகவலாகச் சொல்வார்கள், சில வேளை அதுவும் இல்லை. அன்பில்தான் செய்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் சட்டம் கேட்பது ஆச்சியின் வாய்ச்சொல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் வரும் ‘அறிவிக்கப்பட்ட ஒப்புதல்’ படுமோசம். ஒப்புதலை யாரோ ஒலிபெருக்கியில் அறிவித்ததுபோல இருக்கிறது. ‘அறிவார்ந்த ஒப்புதல்’ என்றால் அறிவாளி கொடுத்த ஒப்புதல் என்று ஆகிவிடும். ‘தகவலறிந்த ஒப்புதல்’ பரவலாக வந்துவிட்டது, பிழையும் இல்லை. மருத்துவ ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் ‘சுய ஒப்புதல் படிவம்’ என்று இருக்கும். ‘யாருடைய நிர்ப்பந்தமும் இன்றி, சுயநினைவுடன், முழுமனதுடன் சம்மதிக்கிறேன்’ என்கிற பத்திரப் பதிவு நடை. ‘சுய’ என்பது கட்டாயமின்மையைச் சொல்கிறது, விவரம் தெரிந்திருப்பதைச் சொல்லவில்லை.

எனக்கு ‘ஒப்புதல்’ மேலேயே ஒரு தயக்கம் உண்டு. கையொப்பமும் ஒப்புதலும் ஒரே வேர் என்பதால், கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது என்ற நினைப்பை அது இன்னும் இறுக்குகிறது. கூடவே, ஒப்புதல் வாக்குமூலம் என்று போலீஸ் நிலையத்திலும் புழங்குகிறது, திட்டத்துக்கு அரசு ஒப்புதல் என்று மேலிடத்திலிருந்தும் இறங்குகிறது. நோயாளி குற்றவாளியும் இல்லை, மேலதிகாரியும் இல்லை.

‘இசைவு’ நல்ல சொல். இசைதல் என்றால் பொருந்துதல், இணங்குதல். சட்டத் தமிழில் கன்சென்டுக்கு ஏற்கெனவே அது வழங்குகிறது. செட்டிநாட்டுக்கு அது அந்நியமும் இல்லை: நகரத்தார் திருமணத்தில் எழுதும் திருமண ஏட்டுக்கு இசைகுடிமானம் என்று பெயர், இசைபிடிமானம் என்பாரும் உண்டு. முன்னே ஓலையில் எழுதினார்கள், இப்போது காகிதத்தில். ஆனால் அது இரு வீட்டாரின் இசைவு. மருத்துவத்தில் வேண்டியது ஓர் ஆளின் இசைவு. பழைய சொல்லைப் புதிய வேலைக்கு எடுக்கும்போது இந்த வித்தியாசத்தைச் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஒத்து, இசைவு சேர்ந்து ‘ஒத்திசைவு’ ஆனதுபோல, அறிந்து, இசைவு சேர்ந்து ‘அறிந்திசைவு’ ஆகலாம். என் ஓட்டு இதற்குத்தான். படிவத்தின் தலைப்பு அறிந்திசைவுப் படிவம், வினையாக அறிந்திசைந்தார். ‘அறிந்த இசைவு’ என்று பிரித்து எழுதினால் ‘எல்லோரும் அறிந்த இசைவு’ என்றும் படிக்க இடமாகும், அதனால் சேர்த்தே எழுதலாம். கட்டிலருகில் நின்று யாரும் இப்படிப் பேசப்போவதில்லை. அங்கே “சொன்னது புரிஞ்சிச்சா ஆச்சி? உங்களுக்குச் சம்மதமா?” போதும்.

இதன் உறவுச் சொற்களையும் பார்த்துவிடலாம். குழந்தைகள் ஆய்வில் சேரும்போது பெற்றோர் இசைவு மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாகவும், 12 முதல் 18 வரை எழுத்திலும் குழந்தையின் ‘அசென்ட்’ வேண்டும். இதற்கு ‘உடன்பாடு’ பொருந்தும். ‘இம்ப்ளைடு கன்சென்ட்’ என்பது சொல்லாமல் செயலால் தெரிவது, ‘குறிப்பிசைவு’ எனலாம். 2020-இன் தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி நோயாளியே டாக்டரை வீடியோவில் அழைத்தால் அந்தக் கலந்தாலோசனைக்குக் குறிப்பிசைவு உண்டு. அதற்காக மௌனம் சம்மதம் என்று எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ள முடியாது. மருத்துவ ஆப்களில் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானைத் தட்டுவதும் இசைவுதான். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கேட்கும்போது தரும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது, அதில் தமிழும் உண்டு.

கடைசியாக ‘வித்டிராயல்’: ‘இசைவு விலக்கல்’. ஆய்வில் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் அவருக்கான வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. இந்த வரி பெரும்பாலும் தாளின் அடியில் இருக்கும். படிக்க நேரமில்லாதவர் இதை மட்டுமாவது தேடிப் படித்துவிட்டு, படிவத்தின் ஒரு நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.