குரல்வளைப் புற்றுநோய்: ஜேர்மனியில் தொழில்நோயாக ஏற்கப்படுவது எப்போது?

குரல்வளையில் புற்றுநோய் என்றதும் வைத்தியர்கள் சிகரெட்டையும் மதுவையும் பற்றிக் கேட்பார்கள். செய்த வேலையைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிடுவதும் உண்டு. ஜேர்மனியில் உழைத்த நம்மவர்கள் அதைத் தாங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். தொழில்நோய் என்று ஏற்கப்பட்டால் சிகிச்சைச் செலவையும் ஓய்வூதியத்தையும் தருவது பெரூஃப்ஸ்கெனொசென்ஷாஃப்ட் எனும் தொழில் விபத்துக் காப்புறுதி அமைப்பு. அதற்கான கட்டணம் முழுவதையும் முதலாளிமாரே கட்டுகிறார்கள்.

முதலில் வைத்தியசாலைக் கடிதத்தில் நோய்க்குறியீட்டைப் பாருங்கள். சி32 என்றால் குரல்வளை. சி12, சி13 என்றால் அதன் பின்னாலுள்ள கீழ்த்தொண்டை; அது சட்டத்திலுள்ள தொழில்நோய்ப் பட்டியலில் இல்லை. பேச்சில் எல்லாமே தொண்டைப் புற்றுநோய்தான், ஆனால் சட்டம் குரல்வளையை மட்டுமே சொல்கிறது.

பட்டியலில் அதற்கு மூன்று எண்கள் உள்ளன. 1319 கந்தக அமிலப் புகைக்கானது. பற்றரி தயாரிப்பு, உலோகங்களை அமிலத்தில் கழுவும் தொட்டிகள், மின்முலாம் பூசுதல் போன்ற இடங்களில் பல ஆண்டுகள் கடுமையாக அதைச் சுவாசித்திருக்க வேண்டும். 4113 தார், கோக் சூளை போன்றவற்றின் புகைக்கானது. 100 பென்சோபைரீன் ஆண்டுகள் வேண்டும் (பென்சோபைரீன் என்பது அந்தப் புகையிலுள்ள புற்றுநோய் தரும் பொருள்): ஒரு கனமீற்றர் காற்றில் அது 10 மைக்ரோகிராம் இருந்த இடத்தில் 10 ஆண்டுகள் வேலை செய்தால் அந்தக் கணக்கு நிரம்பும்.

மூன்றாவது 4104, அஸ்பெஸ்டஸ். ஜேர்மனி அதை 1993இல் தடைசெய்தது. ஆனாலும் அதற்கு முன் கட்டிய கூரைகளையும் குழாய்க் காப்புகளையும் உடைப்பவர்கள் இன்றும் அந்தத் தூசியில் நிற்கிறார்கள். நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இங்கே கேட்கப்படுவது 25 இழை ஆண்டுகள், அதாவது ஒரு கன சென்ரிமீற்றர் காற்றில் 5 இழைகள் இருந்த இடத்தில் 5 ஆண்டு வேலை. இந்த அளவை நிறுவுவது கடினம். அதனால் பலர் தெரியாமல் விட்டுவிடும் மற்ற வழியைச் சொல்லியாக வேண்டும்: நுரையீரலில் அஸ்பெஸ்டோசிஸ் (அஸ்பெஸ்டஸ் தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய்) இருந்தாலோ, நுரையீரல் உறையில் அஸ்பெஸ்டஸால் வந்த தடிப்பு இருந்தாலோ இழைக்கணக்கே தேவையில்லை. எனவே நெஞ்சின் சி.ரி. (CT) ஸ்கான் படத்தை இந்தத் தடிப்புக்காகவே பார்த்து எழுதித் தரும்படி கேளுங்கள். கட்டியைத் தேடி எடுத்த படத்தில் சிறிய தடிப்பு குறிப்பிடப்படாமலே போய்விடும்.

தொழில்நோய்ச் சந்தேகம் இருந்தால் அறிவிப்பது வைத்தியரின் சட்டக் கடமை. அவர் அசட்டையாக இருந்தால் நீங்களே ஒரு சாதாரணக் கடிதம் எழுதலாம், படிவம் தேவையில்லை. எந்த அமைப்புக்கு என்று தெரியாவிட்டால் தெரிந்த ஒன்றுக்கு அனுப்புங்கள், உரிய இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். நிறுவனம் மூடப்பட்டிருந்தாலும் உரிமை போகாது.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் வேலை வரலாற்றில்தான் சறுக்குகின்றன. "கட்டட வேலை, 1986 முதல் 1994" என்று ஒரே வரியில் எழுதினால் தூசியின் அளவைக் கணிக்க ஒன்றும் இராது. எந்தப் பொருளை, எந்தக் கருவியால், வாரத்துக்கு எத்தனை மணிநேரம், மூடிய அறையிலா வெளியிலா, முகக்கவசம் தந்தார்களா என்று எழுதுங்கள். ஓய்வூதியக் காப்புறுதி அலுவலகத்தில் உங்கள் காப்புறுதிப் பதிவுகளின் பட்டியலை இலவசமாகப் பெறலாம். மறந்த ஆண்டுகளை நினைவுபடுத்த அது உதவும். கூட வேலை செய்தவர்களின் பெயர்களையும் சேருங்கள். இலங்கையில் செய்த வேலை இந்தக் கணக்கில் சேராது.

புகைபிடித்ததை மறைக்க வேண்டாம். மருத்துவக் கோப்பில் அது ஏற்கெனவே இருக்கும். நிபந்தனைகள் நிறைவேறி நோய் ஏற்கப்பட்டால், புகைத்ததற்காகத் தொகையைக் குறைக்கமாட்டார்கள்.

உழைக்கும் திறன் குறைந்தது 20 சதவீதம் குறைந்து, அந்தக் குறைவு 26 வாரங்களுக்கு மேல் நீடித்தால் ஓய்வூதியம் உண்டு. முழு ஓய்வூதியம் ஆண்டு வருமானத்தின் மூன்றில் இரண்டு பங்கு. ஆண்டுக்கு 36,000 யூரோ உழைத்தவருக்கு அது 24,000. திறன் 50 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டால் மாதம் 1,000 யூரோ. இதற்கு வருமான வரி இல்லை.

மறுப்புக் கடிதம் வந்தால், கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். காரணங்களைப் பிறகு அனுப்பலாம், ஆனால் அந்த ஒரு மாதத்தைத் தவறவிடக் கூடாது. ஆட்சேபமும் நிராகரிக்கப்பட்டால் சமூக நீதிமன்றம் போகலாம். அங்கே காப்புறுதி பெற்றவரிடம் நீதிமன்றக் கட்டணம் வாங்குவதில்லை.