சூரியனைச் சாட்டாதீர்கள், முதலாளிமாரே

ஏப்ரலில் வெயில் தாக்கிய தொழிலாளியைக் கூட்டி வருகிறவர்கள் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "சூரியன் உச்சிக்கு வந்திட்டுது டொக்டர், நாங்கள் என்ன செய்யிறது?" கடைசியாக வந்தவர் கொழும்புப் புறக்கோட்டையில் நண்பகலில் லொறியிலிருந்து அரிசி மூட்டை இறக்கியவர். பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முதலாளி அதே வசனத்தைச் சொன்னார். இனியும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

ஏப்ரல் 5 அளவில் தொடங்கிப் பத்து நாள் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்பது உண்மைதான். பூட்டன் காலத்திலும் அதே நாட்களில்தான் நின்றது. சூரியன் மாறவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து எரித்து வெளிவிட்ட கரியமில வாயுவால் பூமியின் சராசரி வெப்பநிலை 1850களில் இருந்ததைவிட 1 பாகைக்கு மேல் ஏறிவிட்டது. ஒரு பாகைதானே என்கிறார்கள். கொழும்பின் ஈரக்காற்றில் வெப்பமானி 33 காட்டும்போதே உடம்பு 40க்கு மேல் உணரும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும். இங்கே அது காய்வதே பெரும்பாடு. அப்படியிருக்க ஒரு பாகை சின்ன விஷயமா? உச்சிச் சூரியன் பத்து நாளில் போய்விடும், நோயாளிகள் மே மாதத்திலும் வருகிறார்கள்.

அடுத்த சாட்டு, "நாங்கள் சின்ன நாடு." சரி. இலங்கையில் தலைக்கு வருடம் வெளிவிடுவது சுமார் 1 டன் கரியமில வாயுதான். உலக சராசரி அதைப்போல் நாலு மடங்குக்கு மேல். பணக்கார நாடுகள் செய்த வினைக்கு நாங்கள் ஏன் வேக வேண்டும் என்று கேட்பது நியாயம், நானும் கேட்கிறேன். ஆனால் மூட்டை தூக்குகிறவருக்குக் காரும் இல்லை, ஏசியும் இல்லை. உலகத்திடம் நாங்கள் கேட்கும் அதே நியாயம் அவருக்கு உங்களிடமிருந்து வர வேண்டும். கோயிலில் அன்னதானம் கொடுக்கிற நல்ல மனிதர்கள்தான் பலர். மூட்டை இறக்கும் நேரத்தை மட்டும் பாவ புண்ணியத்தில் சேர்ப்பதில்லை.

லொறியைக் காலை பத்துக்கு முன் இறக்குங்கள், முடியாவிட்டால் நாலுக்குப் பிறகு. இடையில் நின்ற நேரத்துக்குக் கூலியை வெட்டாதீர்கள். வெட்டினால் அவர் விழும்வரை தூக்குவார். தண்ணீர், நிழல், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) வேண்டும். தேத்தண்ணி போதாது. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடும் நாட்களில் அதைக் கொஞ்சம் வாசியுங்கள், தயவுசெய்து.

ஆள் பிதற்றத் தொடங்கினால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். வியர்க்கிறதே, பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். உழைப்பவர்களுக்கு வியர்த்தபடியே வெப்பம் தலைக்கேறும். நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். முதலாளி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.