காசுக்கு விற்கும் இரண்டு வருட அனுபவம்

போலி அனுபவக் கடிதத்தோடு எங்களிடம் வேலைக்கு வந்து மாட்டியவர்களில், இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். திருப்பத்தூர்ப் பையன், பெங்களூரு மாரத்தஹள்ளியில் பிஜி விடுதி ஒன்றில் தங்கி வேலை தேடியவன். நேர்காணலில் நாங்கள் கொடுத்த பிழையுள்ள கோடிங்கை நாற்பது நிமிடத்தில் சரிசெய்தான். அதோடு, "இந்தப் பகுதியே தேவையில்லையே மேடம்" என்று பத்து வரியைத் தூக்கியும் காட்டினான். எட்டு வருட அனுபவக்காரர்கள் கண்ணில் அது படவே இல்லை.

ஆஃபர் கொடுத்தோம். அப்புறம் பழைய வேலை விவரங்களைச் சரிபார்க்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டிக்கொண்டான். அனுபவக் கடிதத்தில் இருந்த முகவரியில் அப்படி ஓர் அலுவலகமே இல்லை. பிஎஃப் கணக்கில் ஒரு மாதம்கூட ஏறவில்லை. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஒரு கன்சல்டன்சியில் வாங்கிய கடிதம். ஆஃபரைத் திரும்பப் பெற்றோம்.

"ஃப்ரெஷர்னு போட்டா ரெஸ்யூமையே திறக்க மாட்டேங்கிறாங்க மேடம்" என்றான். அதை என்னால் மறுக்க முடியவில்லை.

ஆள் எடுப்பவர்களே, வருடக் கணக்கும் அனுபவமும் ஒன்றல்ல. எத்தனை கூட்டத்தில்தான் இதைச் சொல்வது? 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து உளவியல் ஆய்வாளர்கள் ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998-ல் வெளியிட்ட கணக்கில், அனுபவ வருடங்களுக்கும் வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு வெறும் 0.18 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.51.

அனுபவமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒசூரிலிருந்து வரும் எங்கள் சீனியர் ஒருவர், நள்ளிரவில் சர்வர் செயலிழந்தால் முதலில் கேட்பது "கடைசியா எதை மாத்தினீங்க?" என்பதுதான். அதற்குப் பதில் வரும்வரை யாரையும் எதையும் தொட விடமாட்டார். அது அனுபவம். அப்படி ஒரு சூழலைச் சொல்லி என்ன செய்வீர்கள் என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 'குறைந்தது 3 வருடம்' என்ற வடிகட்டியில் தெரியாது. அதேபோல, புதுச் சிந்தனையும் 22 வயதோடு தானாக வந்துவிடாது. அதையும் வேலை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது பிள்ளைகளுக்கு. போலிக் கடிதம் வாங்கவே வாங்காதீர்கள். பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று வரிசையாக வந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பிடிபட்டாலும் வேலை போகும்.

டிகிரியோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்கு மத்திய அரசின் நாட்ஸ் (NATS) என்ற தொழிற்பயிற்சித் திட்டம் இருக்கிறது. உதவித்தொகையோடு பயிற்சி, முடித்ததும் சான்றிதழ். ரெஸ்யூமில் தைரியமாகப் போடலாம். வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும் முன் அதில் ஒரு தடவை பதிவு செய்து பாருங்கள் தம்பி.