உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுக் காருக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்

இந்த மாதமும் ஒரு வண்டி வந்துவிட்டது. பாம்பன் பக்கத்து வெள்ளைக் கார். வண்டிக்காரத் தம்பி தன் வீட்டிலேயே துருவைத் தேய்த்து, பிரைமர் போட்டு, ஸ்ப்ரே டப்பாவில் பெயிண்டும் அடித்திருக்கிறார். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. சக்கரத்துக்கு மேலே வளைவு முழுக்க வேர்க்குரு மாதிரிக் கொப்புளம். ஒன்றை நகத்தால் கீறினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தது, அடியில் தகரம் கறுத்துக் கிடந்தது. “நல்லாக் கழுவித்தாண்ணே அடிச்சேன்” என்றார். எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன். போர் தண்ணீராம்.

நம் கடற்கரை ஊர்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. வாயில் வைக்க மாட்டோம், ஆனால் பெயிண்டுக்கு அடியில் வைப்போம்!

“அதான் காய்ஞ்சிருச்சே, அப்புறம் என்ன?” என்கிறார்கள். காய்வது தண்ணீர் மட்டும்தான். உப்பு எங்கேயும் போகாது. துருப்பிடித்த குழிகளுக்குள் இருப்பது துணியால் துடைத்தாலும் வராது. பெயிண்ட் படலம் ஈரத்தை முழுதாகத் தடுக்காது. மெல்ல உள்ளே வரும் ஈரத்தை இந்த உப்பு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கொப்புளம் அதனால்தான். விலை கூடின பெயிண்ட் அடித்தாலும் இதே கதிதான். துருவை மாற்றும் கெமிக்கல் தடவினாலும் உப்பு போகாது. சந்தேகமாக இருந்தால், ஒரு கரண்டி போர் தண்ணீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள். தட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அதன் மேல்தான் பெயிண்ட் அடிக்கிறீர்கள்.

குழாயில் காவிரிக் குடிதண்ணீர் வந்தால் அதில் கழுவுங்கள். வராவிட்டால் 20 லிட்டர் கேன் ஒன்று வாங்குங்கள், ஒரு வளைவுக்குத் தாராளம். தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துக் கழுவி, மறுபடியும் தேய்த்துக் கழுவுங்கள். பட்டி பார்த்த இடத்தில் மட்டும் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டாம், பட்டி ஈரத்தைக் குடித்துவிடும். தேய்த்த தகரத்தை ராத்திரி திறந்து போட்டால் கடல் காற்று மறுபடி உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். அன்றைக்கே பிரைமர் போட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்றில் மணல் வந்து ஒட்டும், அப்போதும் வேண்டாம். மாசி, பங்குனி நல்லது. காலைப் பனி காய்ந்த பிறகு, கடல் காற்று கிளம்புவதற்குள், நிழலில் வைத்து அடியுங்கள். ஒரே தடவையில் மொத்தமாக அடிக்காமல் மெல்லிசாக மூன்று நான்கு கோட் கொடுங்கள்.

காற்றுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் அடிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தின்னர் ஆவி அடுப்படி நெருப்பில் பற்றிக்கொள்ளும். குழந்தைகளும் அதைத்தான் சுவாசிக்கும். ஹார்ட்னர் கலக்கிற டூ-கே பெயிண்டை வீட்டில் தொடவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ அதைத் தடுக்காது.

அப்புறம், துருவில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் தகரமே இற்றுப்போயிருக்கிறது. பெயிண்ட் வாங்கப் போகாதீர்கள், வண்டியை நேராகத் தகர வேலை பார்க்கும் டிங்கரிடம் விடுங்கள்.