புயலில் படகு போனதா? கரையைச் சுத்தப்படுத்தும் முன் இதைப் படியுங்கள்

ராமேசுவரம், பாம்பன், ஜெகதாப்பட்டினம் பக்கம் புயல் ஓய்ந்ததும் உடைந்த பலகைகளை ஒதுக்கி, கிழிந்த வலையைச் சுருட்டிக் கரையைச் சுத்தம் செய்துவிடுவார்கள். நாலு நாள் கழித்துக் கணக்கெடுக்க வருபவர் "படகு எங்கே?" என்று கேட்பார். அதோடு நிவாரண மனு முடிந்தது. இப்படிக் கைவிடப்பட்டவர்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

மாநிலப் பேரிடர் நிதியில், 2022-26 காலத்துக்கு வகுத்த விதிப்படி, முழுதும் சேதமான படகுக்கு 15,000 ரூபாய், ஓரளவு சேதத்துக்கு 6,000. வலைக்கு முறையே 4,000, 3,000. மாநில அரசு சில புயல்களுக்குக் கூடுதலாக அறிவிப்பதுண்டு.

எதையும் நகர்த்தாமல், பதிவு எண் தெரியும்படி படம் எடுங்கள். படகு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்தை இப்போதே முடியுங்கள். புயலுக்குப் பிறகு வாரிசுச் சான்றுக்கு அலைந்தால் கணக்கெடுப்பே முடிந்துவிடும்.

எல்லைக் கடல் என்பதால் இன்னொரு சிக்கல். நங்கூரம் அறுந்து இலங்கைப் பக்கம் போன படகுக்குக் கரையில் ஒரு துண்டும் மிஞ்சாது. அன்றைக்கே மீன்வளத் துறையில் எழுத்தில் கொடுங்கள். கடலோரக் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பதிந்துகொண்டதற்கான சீட்டு) வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டுக்கு வருவாய்த் துறை, படகுக்கு மீன்வளத் துறை. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் இரு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டும். தனித்தனியாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். பட்டா இல்லாதவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்: வீடு அனுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும் என்கிறது விதி. தலைமுறையாகக் கடற்கரைப் புறம்போக்கில் இருப்பவர் அந்தச் சான்றுக்கு எங்கே போவார்? வீட்டு வரி ரசீது, மின் அட்டை என்று இருப்பதையெல்லாம் இணையுங்கள்.

அப்புறம் கடல் அரிப்பு. மத்திய அரசின் பேரிடர்கள் பட்டியலில் புயல் உண்டு, வெள்ளம் உண்டு, கடல் அரிப்பு இல்லை. வருடா வருடம் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற வீட்டுக்கு இந்த நிவாரணம் கேட்டால், "எந்தப் புயலில் போனது?" என்றுதான் கேட்பார்கள். அரிப்பால் இடம்பெயர்ந்தோரைக் குடியமர்த்த 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு 1,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. ஆனால் அது மாநில அரசு திட்டம் போட்டுக் கேட்டு வாங்க வேண்டிய பணம், தனி ஆள் மனுவுக்கு வராது. அதனால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். போன வீடுகளின் கதவு எண், தேதியிட்ட படங்கள், இப்போது அலை எத்தனை அடியில் நிற்கிறது என்ற கணக்கு, மூன்றையும் சேர்த்துக் கலெக்டரிடம் கொடுங்கள்.